கோப்பியால் பிலிம் கழுவலாம், அந்தச் சுருளை மட்டும் இப்போது வேண்டாம்

வன்னியின் முள்ளியவளையிலிருந்து நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான்: அப்பப்பாவின் பென்டாக்ஸ் கே1000 கமரா, பொலித்தீனில் சுற்றியபடி இரும்புப் பெட்டியின் அடியில் கிடைத்திருக்கிறது. படங்களை எண்ணும் முள் 23இல் நிற்கிறது. உடனடிக் கோப்பித் தூளைக் கொண்டு வீட்டிலேயே பிலிம் கழுவலாம் என்று ஒரு காணொளியில் பார்த்திருக்கிறீர்கள். ஒரு கோப்பை கோப்பியைக் குடித்துக்கொண்டே இன்னொரு கோப்பையில் படம் கழுவும் அந்த எண்ணம் உங்களுக்குப் பிடித்துப்போய்விட்டது. எங்கள் ஊர் வெயிலில் அது சரிவருமா என்று கேட்கிறீர்கள். கடைசி வரியில், இடப்பெயர்வில் வீட்டு அல்பம் முழுவதும் போய்விட்டது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்த பிறகு கேள்வி எனக்கு வேறாகத் தெரிகிறது. கோப்பியால் கழுவுவது நம்பத்தக்க முறையா என்பது ஒன்று. அப்பப்பா எடுத்த படங்கள் அந்தச் சுருளில் இருந்தால் அவற்றை இந்த முறையால் மீட்கலாமா என்பது மற்றொன்று. முதலாவதற்கு ஆம் என்பேன். இரண்டாவதற்கு, முதல் முயற்சியாக வேண்டாம் என்பேன்.

எதற்கும் முன்னால் ஒன்று: கமராவின் பின்மூடியைத் திறக்காதீர்கள். டிஜிட்டல் வருவதற்கு முன்னர் வவுனியாவில் ஒரு ஸ்டூடியோவின் இருட்டறையில் தொழில் கற்றவன் நான். அடையாள அட்டைக்கான கறுப்பு வெள்ளைப் படங்கள்தான் எங்கள் அன்றாடச் சோறு. உள்ளே பிலிம் இருக்கிறதா என்று பார்க்க மூடியைத் திறந்து, கலியாண வீட்டுப் படங்களையே வெளிச்சத்தில் வெளுக்க வைத்தவர்கள் கடைக்கு வந்து நின்ற முகங்கள் இன்னும் நினைவில் இருக்கின்றன. முள் 23இல் நிற்பதால் மட்டும் உள்ளே பிலிம் உண்டு என்று சொல்லிவிட முடியாது. வெறும் கமராவில் நெம்புகோலை இழுத்தாலும் எண் ஏறும். இடப்பக்கம் மேலே உள்ள சுருட்டும் பிடியை விரித்து, அம்புக்குறி காட்டும் பக்கமாக மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். தடையே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் உள்ளே எதுவும் இல்லை. சிறிது சுற்றியதும் இறுகி நின்றால் பிலிம் இருக்கிறது. அங்கேயே நிறுத்திவிடுங்கள், வலிந்து திருகாதீர்கள். வெப்பத்தில் பல ஆண்டுகள் கிடந்த பிலிம் காய்ந்து முறுகியிருக்கும், துளைகள் கிழிந்துவிடும்.

இனிக் கோப்பிக்கு வருகிறேன். இது விளையாட்டு வித்தை அல்ல. 1995இல் அமெரிக்காவின் ரொச்செஸ்டர் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஸ்கொட் வில்லியம்ஸ் என்ற ஆசிரியரும் அவருடைய புகைப்பட வேதியியல் வகுப்பு மாணவர்களும் செய்து காட்டிய முறை இது; கஃபினோல் என்று இதற்குப் பெயர். கோப்பியில் உள்ள கஃபீன்தான் வேலை செய்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. கஃபீன் நீக்கிய கோப்பியிலும் படம் வரும். வேலை செய்வது கஃபெயிக் அமிலமும் அதன் இனத்தைச் சேர்ந்த பீனோல் சேர்மங்களும். பிலிமில் வெளிச்சம் பட்ட வெள்ளி உப்பை அவை கறுத்த வெள்ளியாக மாற்றுகின்றன. ஸ்டூடியோவில் நாங்கள் வாங்கிய டெவலப்பர், அதாவது படத்தை வெளிக்கொண்டுவரும் கரைசல், செய்ததும் இதைத்தான். ஆனால் அந்தச் சேர்மங்கள் காரம் இருந்தால்தான் விழித்துக்கொள்ளும். அதற்காகச் சலவைச் சோடா, அதாவது சோடியம் காபனேற்று. பின்னாளில் விற்றமின் சி சேர்த்துப் பார்த்தார்கள். வேகம் கூடியது, கோப்பிக் கறை குறைந்தது. இப்போது எல்லோரும் பயன்படுத்துவது அந்த வடிவத்தைத்தான்.

அளவு இது: ஒரு லீற்றர் தண்ணீருக்கு நீரற்ற சலவைச் சோடா 54 கிராம், விற்றமின் சி தூள் 16 கிராம், உடனடிக் கோப்பி 40 கிராம். 20 பாகை செல்சியசில் 15 நிமிடம். 35 மில்லிமீற்றர் சுருள் ஒன்றைக் கழுவும் சிறிய தாங்கிக்கு 300 மில்லிலீற்றர் போதும். அதற்குச் சோடா 16 கிராம், விற்றமின் சி 5 கிராம், கோப்பி 12 கிராம் எடுங்கள். கரண்டிக் கணக்கு வேண்டாம். ஒரு கிராம் வரை காட்டும் தராசு ஒன்று அவசியம். கோப்பி மலிவானதாக இருப்பதே நல்லது. ரொபஸ்டா இனத்தில் நமக்கு வேண்டிய சேர்மங்கள் அராபிக்காவை விட அதிகம்; மலிவுக் கோப்பியில் பெரும்பாலும் ரொபஸ்டாதான் இருக்கும். பாலும் சீனியும் கலந்த பக்கெற்றுகள் உதவாது. மல்லியும் சுக்கும் சேர்த்து வீட்டில் இடித்த கோப்பித் தூளும் இதற்கு வேண்டாம். விற்றமின் சியும் அப்படியே: நிறமும் சுவையும் சேர்த்த சப்பும் மாத்திரை சரிவராது, சுத்தமான அஸ்கோர்பிக் அமிலத் தூள் வேண்டும்.

சலவைச் சோடா தூய்மையாகக் கிடைப்பதில்தான் சிக்கல் வரும். கடையில் கேட்டால் சலவைத் தூளை நீட்டுவார்கள், அது வேறு. பளிங்குக் கட்டிகளாகக் கிடைக்கும் சோடாவில் பாதிக்கு மேல் தண்ணீர்தான், ஆகவே 54 கிராமுக்குப் பதில் 146 கிராம் போட வேண்டும். எதுவும் கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம், அப்பச்சோடா எந்தக் கடையிலும் இருக்கிறது. அதை எவர்சில்வர்ச் சட்டியில் மெல்லிய படையாகப் பரப்பி, நடுத்தர நெருப்பில் கிளறிக்கொண்டே சூடாக்குங்கள். நீராவியும் காபனீரொட்சைட்டும் வெளியேறி, அப்பச்சோடா சலவைச் சோடாவாக மாறிவிடும். மாறி முடிந்ததா என்பதைத் தராசு சொல்லும்: 100 கிராம் போட்டால் 63 கிராம் மிஞ்ச வேண்டும். 70இல் நின்றால் இன்னும் சூடாக்க வேண்டும். அலுமினியச் சட்டியை மட்டும் எடுக்காதீர்கள், சோடா அதை அரிக்கும். இந்தச் சட்டி, கரண்டி, கோப்பை எதுவும் பிறகு சமையலுக்குத் திரும்பக் கூடாது.

வன்னியின் வெயில் பற்றிக் கேட்டீர்கள். அது மெய்யான தடைதான், ஆனால் கடக்கக் கூடியது. கூரைத் தாங்கியில் பகல் முழுவதும் நின்ற தண்ணீர் 30 பாகையைத் தாண்டிவிடும். அந்தச் சூட்டில் டெவலப்பர் மிக வேகமாக வேலை செய்யும். ஒவ்வொரு பாகை கூடும்போதும் நேரத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறையும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்; இது வழிகாட்டும் கணக்கு, சட்டம் அல்ல. நேரம் ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் பிலிமில் திட்டுத் திட்டாக வரும். அதைவிடப் பெரிய ஆபத்து, பிலிமின் மேலுள்ள ஜெலற்றின் படை சூட்டிலும் காரத்திலும் ஊதி மென்மையாகிவிடுவது. அந்த நிலையில் விரல் பட்டால் கீறும். சூடான டெவலப்பரிலிருந்து குளிர்ந்த தண்ணீருக்குத் திடீரென்று மாற்றினால், வற்றிய குளத்தின் அடிபோல் படம் முழுவதும் வெடித்துவிடும். ஆகவே 20 பாகையைத் துரத்த வேண்டாம். அதிகாலையில், ஒரு பேசினில் பனிக்கட்டிப் பொதி போட்டு 24 பாகைக்கு இறக்குங்கள். பத்து நிமிடம் சரியாக இருக்கும். முக்கியமானது, டெவலப்பர், தண்ணீர், படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போக் கரைசல் மூன்றும் ஒரே சூட்டில் இருப்பது. மூன்று போத்தல்களையும் ஒரே பேசினுக்குள் நிறுத்திவிட்டால் அது தானாகவே நடந்துவிடும்.

தண்ணீரும் கவனிக்க வேண்டியது. எங்கள் பகுதியில் பல கிணறுகளின் தண்ணீர் வன்மையானது. கேத்தலின் அடியில் படியும் வெள்ளையைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். சோடாவை அதில் கரைத்தால் கல்சியம் வெள்ளைத் தூளாகப் பிரிந்து பிலிமில் ஒட்டும். கரைசல் செய்யவும் கடைசிக் கழுவலுக்கும் சுத்திகரித்த குடிநீரை வாங்கிக்கொள்ளுங்கள், இடையில் கிணற்றுத் தண்ணீர் போதும்.

செய்முறையில் வரிசை முக்கியம். முதலில் சோடாவை முழுவதும் கரைக்க வேண்டும். கரையும்போது சூடாகும், ஆற விடுங்கள். பிறகு விற்றமின் சி, அது நுரைக்கும். கடைசியாகக் கோப்பி. நுரை அடங்க ஐந்து நிமிடம் விட்டு உடனே பயன்படுத்துங்கள், நாளைக்கு என்று வைக்க முடியாது. மணம் மிகவும் மோசமாக இருக்கும், அடுப்படியில் செய்ய வேண்டாம். பிலிமைத் தாங்கிக்குள் ஏற்றும் வேலை மட்டும்தான் முழு இருட்டில்; ஜன்னல் இல்லாத அறையில், இரவில், கதவிடுக்கில் போர்வை அடைத்துச் செய்யலாம். முதல் அரை நிமிடம் தாங்கியைத் தொடர்ந்து கவிழ்த்து நிமிர்த்துங்கள், பின்னர் நிமிடத்துக்கு மூன்று தடவை. முடிந்ததும் வினாகிரி விடாதீர்கள். சோடாவோடு சேர்ந்து கொப்புளித்துப் பிலிமில் ஊசித் துளைகள் உண்டாக்கும். வெறும் தண்ணீரால் பல தடவை அலசினால் போதும்.

அடுத்தது ஹைப்போ, சோடியம் தயோசல்பேற்று. கோப்பி இந்த இடத்துக்கு வராது. கறியுப்பை நிறையக் கரைத்து ஒரு நாள் ஊற விட்டால் போதும் என்று காணொளிகளில் சொல்கிறார்கள். சில பிலிம்களில் ஓரளவு சரிவரும், பலவற்றில் வராது. ஆண்டுக்கணக்கில் நிலைக்க வேண்டிய நெகட்டிவுக்கு நான் அதை நம்ப மாட்டேன். ஹைப்போவை விலை கொடுத்து வாங்குங்கள். பிலிமின் நுனியில் ஒரு துண்டை வெட்டி ஹைப்போவில் போட்டுப் பாருங்கள். அது கண்ணாடிபோல் தெளிய எடுக்கும் நேரத்தின் இரு மடங்குதான் உங்கள் நேரம். கடைசிக் கழுவலுக்கு ஓடும் தண்ணீர் வேண்டியதில்லை: தாங்கியை நிரப்பி ஐந்து தடவை கவிழ்த்து ஊற்றுங்கள், மறுபடி நிரப்பிப் பத்துத் தடவை, மறுபடி இருபது தடவை. ஆவணி மாதத்துக் கிணற்றை நினைத்துச் சொல்கிறேன், இந்த முறை தண்ணீரை மிச்சம் பிடிக்கும். பயன்படுத்திய ஹைப்போவில் வெள்ளி கரைந்திருக்கும். அதைக் கிணற்றடியில் ஊற்றவே கூடாது, நாங்கள் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான். ஒரு பிளாஸ்டிக் வாளியில் சேர்த்து உள்ளே இரும்புக் கம்பிப் பஞ்சைப் போட்டு வைத்தால் வெள்ளி அதில் படிந்துவிடும்.

கோப்பி எங்கள் நாட்டு மண்ணுக்குப் புதிய பொருளல்ல என்பதால் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் பரவியபோது, தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை நோக்கி நடந்தார்கள். காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம். 1869இல் இலைத்துரு நோய் தோன்றிக் கோப்பியை அழித்தது, பிறகு தேயிலை வந்தது. அந்தத் தோட்டங்களின் பிள்ளைகள் பலர் இனக்கலவரங்களுக்குப் பின்னர் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காடு வெட்டிக் குடியேறினார்கள். ஸ்டூடியோவில் நான் அடையாள அட்டைக்குப் படம் கழுவிக் கொடுத்தவர்களில் அவர்களும் நிறையப் பேர் இருந்தார்கள்.

கமராவைப் பற்றி: நல்ல கமரா உங்கள் கையில் இருக்கிறது. 1976 முதல் 1997 வரை செய்யப்பட்டது. ஷட்டர் முழுவதும் பொறியில் இயங்குகிறது. எல்ஆர்44 என்ற சிறு மின்கலம் ஒளிமானிக்கு மட்டும்தான். அது இல்லாமலும் எல்லா வேகங்களிலும் படம் எடுக்கலாம். 1990களில் போரின்போது வன்னிக்குப் பொருள் வர விடாமல் தடுத்தபோது தடைப் பட்டியலில் மின்கலமும் இருந்தது. மின்கலத்தை நம்பிய கமராக்கள் அலுமாரியில் உறங்கின, இவ்வகைக் கமராக்கள் தொடர்ந்து ஓடின. உங்கள் அப்பப்பா ஏன் இதை வைத்திருந்தார் என்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். ஒளிமானிக்கு நிறுத்தும் பொத்தான் கிடையாது. பயன்படுத்தாத நேரத்தில் லென்ஸ் மூடியைப் போட்டு வையுங்கள், மின்கலம் நீடிக்கும். பழைய சுருளை வெளியே எடுத்த பிறகு பின்மூடியின் ஓரங்களைப் பாருங்கள்: வெளிச்சம் புகாமல் தடுக்கும் கறுப்புப் பஞ்சு பிசினாக உருகியிருக்கும். அதைச் சுத்தமான அற்ககோல் தொட்ட பஞ்சினால் துடைத்துவிட்டு, கறுப்புக் கம்பளி நூலைப் பள்ளத்தில் பதித்தாலே வேலை நடக்கும். ஷட்டர் துணியையும் உள்ளே உள்ள கண்ணாடியையும் விரலால் தொடக் கூடாது. லென்சை டோர்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், வேர்போல மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சணம். வெயிலில் வைத்தால் போய்விடும் என்பார்கள். புதிதாக வளர்வது குறையலாம், கண்ணாடியில் ஏற்கெனவே விழுந்த வடு போகாது. மாரி காலத்தில் தோல் உறைக்குள் வைக்காமல், சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான பெட்டியில் வையுங்கள். ஷட்டரின் வேகங்கள் இன்னும் சரியாக இருக்கின்றனவா என்பதை நேரில் பார்க்காமல் என்னால் சொல்ல முடியாது. ஒரு புதிய சுருள் எடுத்துக் கழுவினால் அது தெரிந்துவிடும்.

அந்தப் புதிய சுருளில்தான் உங்கள் கோப்பி ஆசையைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். இல்ஃபோர்ட் எச்பி5 போன்ற 400 வேகக் கறுப்பு வெள்ளைப் பிலிம் போதும். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவருவதென்றால் கைப்பையில் கொண்டுவரச் சொல்லுங்கள். விமான நிலையத்தில் கையால் சோதிக்கும்படி கேட்க வேண்டும். புதிய வகை ஸ்கேனர்கள் ஒரே தடவையில் பிலிமைக் கெடுத்துவிடும். உச்சி வெயிலில் லென்சின் திறப்பு எஃப் 16, ஷட்டர் வேகம் வினாடியில் 500இல் ஒரு பங்கு என்று வைத்தால் ஒளிமானி இல்லாமலே சரியாக வரும். மரநிழலில் எஃப் 5.6க்குத் திறவுங்கள். கழுவி உலர்த்திய நெகட்டிவை வெள்ளைத் திரை எரியும் டப்லெட்டின் மேல் சற்று உயர்த்திப் பிடித்து, தொலைபேசியால் படம் எடுத்து நிறத்தைத் தலைகீழாக்கினால் படம் கிடைக்கும். குடிப்பதற்கு மட்டும் வீட்டு மல்லிக் கோப்பியைப் போட்டுக்கொள்ளுங்கள், பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு. பிலிம் காயும்வரை வேறு வேலை இல்லை. தூசி எழும்பாமல் அமர்ந்திருப்பதுதான் அப்போது செய்ய வேண்டியது. எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்த நேரமும் அதுதான்.

இனி அப்பப்பாவின் சுருள். வெளிச்சம் பட்டும் கழுவப்படாத படம், காலத்தோடும் சூட்டோடும் மெல்ல மங்கும். வெளிச்சமே படாத இடமும் தானாகவே கறுக்கத் தொடங்கும். இதைப் புகைமூட்டம் என்போம். தகரக் கூரைக்குக் கீழே கிடந்த பிலிமில் இது கட்டாயம் இருக்கும், எவ்வளவு என்பதுதான் கேள்வி. கோப்பிக் கரைசல் தன் பங்குக்குக் கறையும் மூட்டமும் சேர்க்கக் கூடியது. பொற்றாசியம் புரோமைட்டு லீற்றருக்கு ஒரு கிராம் சேர்த்தால் அது குறையும் என்பது உண்மை; ஆனாலும் மூட்டத்தைக் குறைவாக எழுப்பும் டெவலப்பர்கள் இருக்கும்போது, திரும்ப எடுக்கவே முடியாத படங்களில் கோப்பியை முதலில் முயல்வதற்கு நியாயம் இல்லை. பழைய பிலிமுக்குக் கொடாக்கின் எச்.சி.-110 என்ற டெவலப்பர் நல்ல பெயர் பெற்றது.

முழு இருட்டில் கமராவின் அடிப்பக்கப் பொத்தானை அழுத்தி, மிக மெதுவாகச் சுருட்டி, கறுப்பு டப்பாவில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். உருளையின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று டப்பாவில் போடும் முன் பாருங்கள். உருளைக்குள் முழுவதும் போன பிறகு வெளிச்சம் சேதம் செய்யாது. சி-41 என்று இருந்தால் அநேகமாகக் கலர் பிலிம். பழைய கலரில் நிறப் படைகள் சமமாக மங்குவதில்லை, ஆகவே கறுப்பு வெள்ளையாகக் கழுவுவதே பெரும்பாலும் பாதுகாப்பு. கொடாக்குரோம் என்று இருந்தால் அதைக் கலரில் கழுவும் கடைசி ஆய்வுகூடமும் 2010 முடிவோடு புதிய சுருள்கள் எடுப்பதை நிறுத்திவிட்டது. கறுப்பு வெள்ளை ஒன்றுதான் வழி. 36 படச் சுருளாக இருந்தால் உங்களுக்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு. முள் 23இல் நிற்பதால் உருளையின் தண்டோடு ஒட்டிய கடைசிப் பகுதியில் படமே எடுக்கப்பட்டிருக்காது. இருட்டில் பிலிமை வெளியே இழுத்து, தண்டுப் பக்கத்திலிருந்து ஒரு சாண் மட்டும் வெட்டி, இரண்டு துண்டாக்கி, ஒன்றைக் கோப்பியிலும் மற்றொன்றை எச்.சி.-110இலும் கழுவிப் பாருங்கள். எதில் துண்டு தெளிவாக இருக்கிறதோ அதில் மிச்சத்தைக் கழுவலாம். ஒரு படம்கூடப் பலியாகாமல் விடை தெரிந்துவிடும். 24 படச் சுருள் என்றால் இந்த வழி இல்லை. அப்போது வெட்டாமல் எச்.சி.-110இலேயே நேரடியாகக் கழுவுங்கள். உருளையில் உள்ள பெயரையும் எண்ணையும் எழுதி அனுப்பினால் நேரக் கணக்கு நான் தருகிறேன்.